சத்தமாகச் சொல்லு

2020 ஏப்ரல் வாக்கில் மயக்க மருத்துவர்களுக்கு வந்த வழிகாட்டுதல்கள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. கொரோனா நோயாளிக்கு மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவதை, அங்கே இருப்பவர்களில் அனுபவம் மிகுந்தவர்தான் செய்ய வேண்டும். காரணம் நியாயமானது. ட்யூப் போடுகிறவரின் முகத்துக்கும் நோயாளியின் வாய்க்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. 2003-இல் சார்ஸ் பரவியபோது டொராண்டோவில், ட்யூப் போடும் நேரத்தில் அருகில் இருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நோய் தொற்றியது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். முதல் முயற்சியிலேயே முடித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அதற்குப் பழகிய கை வேண்டும்.

நான் அப்போது தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மயக்கவியல் துறையில் இருந்தேன். அந்தச் சுற்றறிக்கையைப் படித்தபோது, ஒரு வாரத்துக்கு இது சரி, ஒரு வருஷத்துக்கு எப்படி நடக்கும் என்றுதான் தோன்றியது. எங்கள் துறையில் அனுபவம் மிகுந்தவர்கள் என்றால் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு இதயத்தில் ஸ்டென்ட். ஒரு வாரம் கோவிட் டூட்டி பார்த்தால் அடுத்த வாரம் தனிமைப்படுத்தல். ராத்திரி மூன்று மணிக்கு ஐ.சி.யூ.வில் ஒருவருக்குச் சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) இறங்கினால், பக்கத்தில் நிற்கப் போவது ஹவுஸ் சர்ஜனும் முதலாம் ஆண்டு பி.ஜி.யும்தான். சீனியர் விடுதியிலிருந்து வந்து, கவச உடை போட்டு, கையுறை மாட்டி உள்ளே நுழைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. ட்யூப் போடக் கற்றுக்கொள்வது அவசரச் சிகிச்சைப் பிரிவில் அல்ல, ஆபரேஷன் தியேட்டரில். குடலிறக்கத்துக்கோ பித்தப்பைக்கோ தேதி குறித்து வந்த நோயாளி வெறும் வயிற்றோடு அமைதியாகப் படுத்திருப்பார். தோளுக்குப் பின்னால் சீனியர் நிற்பார். அப்படிப்பட்ட எளிய கேஸ்களிலேயே சுமார் 50 தடவை செய்தால்தான் பத்துக்கு ஒன்பது சரியாக விழும் என்கின்றன ஆய்வுகள். தள்ளிப்போடக்கூடிய அறுவைச் சிகிச்சைகள் எல்லாம் நிறுத்தப்பட்டதும் அந்தப் படிப்பு அப்படியே நின்றுபோனது. கற்றுக்கொள்ளாதவர்கள் செய்யக் கூடாது, செய்யாமல் கற்றுக்கொள்ளவும் முடியாது.

இதற்கு நடுவில் கண்ணாடிப் பெட்டி வந்து சேர்ந்தது. தைவானில் ஒரு மயக்க மருத்துவர் அக்ரிலிக் தகட்டில் பெட்டி செய்து, நோயாளியின் தலைமேல் கவிழ்த்து, இரண்டு ஓட்டைகள் வழியாகக் கைவிட்டு ட்யூப் போடும் வழியைச் சொல்லியிருந்தார். படம் உலகம் சுற்றியது. எங்கள் ஊரிலும் நல்ல மனசுக்காரர்கள் ஃபிளெக்ஸ் போர்டு செய்கிற பட்டறைகளில் பெட்டி பெட்டியாகச் செய்து கொண்டுவந்து கொடுத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே கையை விட்டால் முழங்கை மடங்காது, பூஜியை (ட்யூபுக்கு வழிகாட்டும் வளையக்கூடிய நீளக் குச்சி) வளைத்து நீட்ட இடம் இருக்காது, ஓட்டையின் விளிம்பில் கவச உடையின் கை கிழியும். வேலை தாமதமாகிறது, கவச உடையும் சேதமாகிறது என்று அந்த வருஷமே ஆய்வுகள் வந்துவிட்டன. ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் கைவிரித்தது. எங்கள் பெட்டிகளில் ஒன்று பிறகு ஸ்டோர் ரூமில் ரசீதுப் புத்தகங்களை எலியிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதற்குச் செலவான காசில் சில பூஜிகள் வாங்கியிருக்கலாம் என்பது என் வயிற்றெரிச்சல்.

கடைசியில், ராத்திரி பக்கத்தில் நிற்கப்போகிறவர்களுக்கே பயிற்சி கொடுப்பது என்று முடிவானதும், ஆபரேஷன் நின்று காலியாகக் கிடந்த கண் தியேட்டரை எடுத்துக்கொண்டோம். பொம்மை ஒன்று துறை அலமாரியில் இருந்தது. கல்லூரி ஆய்வுக்காக வாங்கியது. இடுப்புக்கு மேலே மட்டும் உள்ள உருவம். பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரித்திருக்கவில்லை. தொண்டைக்குள் பார்க்க உதவும் லேரிங்கோஸ்கோப்பின் பிளேடு பல்லில் அழுந்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். முதல் நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். வந்தவர்களில் ஹவுஸ் சர்ஜன்கள் பாதி. மீதிப் பேர் தோல், எலும்பு, கண், பொது மருத்துவம் என்று வெவ்வேறு துறைகளில் படிக்க வந்து கோவிட் வார்டில் மாட்டிக்கொண்ட பி.ஜி.க்கள்.

புதியவர்கள் எல்லோரும் லேரிங்கோஸ்கோப்பை நெம்புகோல்போலப் பிடித்து மணிக்கட்டை மடக்குவார்கள். மேல்பல் உடைவது அப்படித்தான். "நெம்பாதே. எதிர்ச் சுவரும் கூரையும் சேருற மூலையைப் பாத்துத் தூக்கு" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கும் முன்னால் தலையணை. காதுத் துளையும் மார்பெலும்புக்கு மேலே உள்ள குழியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை விரிப்பை மடித்து மடித்து வைக்க வேண்டும். பாதி வெற்றி அங்கேயே கிடைத்துவிடும். ஆனால் அவசரத்தில் எல்லோரும் விடுவதும் அதைத்தான்.

கவச உடைகளுக்குக் கணக்கு இருந்தது. பயிற்சிக்கெல்லாம் தர மாட்டார்கள். பிள்ளைகள் ரெயின்கோட் போட்டுக்கொண்டு, நீச்சல் கண்ணாடி மாட்டி, இரண்டு ஜோடி கையுறையோடு நின்றார்கள். இரண்டு நிமிஷத்தில் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். உள்பக்கம் சோப்புத் தண்ணீர் தடவிக் காயவிட்டால் கொஞ்ச நேரம் தாங்கும் என்று கண்டுபிடித்தது தோல் நோய் படிக்க வந்த ஒரு பையன். அவனேதான் சாக்கடைக் குழாயில் அடைப்பு பார்க்கிற, செல்போனில் மாட்டும் சின்ன கேமரா ஒன்றை ஆன்லைனில் வாங்கி, சாதாரண பிளேடில் மைக்ரோபோர் டேப் சுற்றி ஒட்டிக் கொண்டுவந்தான். வீடியோ லேரிங்கோஸ்கோப் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, அது ஐ.சி.யூ.வை விட்டு வெளியே வராது. அவனுடைய கேமராவில் நான் பார்ப்பதை அறையில் எல்லோரும் பார்க்க முடிந்தது. எபிகிளாட்டிஸ் (குரல்வளை மூடி) எது, அதற்குக் கீழே குரல்நாண் எங்கே என்று பல வருஷமாகப் படம் போட்டு விளக்கியதை ஒரு மத்தியானத்தில் காட்டிவிட்டேன்.

கவச உடைக்குள் ஸ்டெதாஸ்கோப்புக்கு வேலையில்லை. ட்யூப் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறதா, உணவுக்குழாய்க்குள் போய்விட்டதா என்பதைக் கேப்னோகிராஃப் திரைதான் சொல்லும். வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு திரையில் அலை அலையாகத் தொடர்ந்து ஏற வேண்டும். அலை இல்லை என்றால் ட்யூப் தப்பான இடத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள். 'எனக்குக் குரல்நாண் நல்லாத் தெரிஞ்சது மேம்' என்று வாதாடாதே, வெளியே எடு. இதை மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

அப்புறம் வரிசை. கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்புப் பைக்கும் மாஸ்க்குக்கும் நடுவே ஃபில்டர். மாஸ்க்கை இரண்டு கையாலும் முகத்தோடு அழுத்திப் பிடித்து ஆக்சிஜன். மருந்து, கெட்டமின், பிறகு ரோகுரோனியமோ ஸ்கோலினோ. ட்யூப் உள்ளே போய், அதன் நுனியில் உள்ள கஃப் என்ற பலூனை ஊதும்வரை பையை அமுக்கக் கூடாது, சாச்சுரேஷன் கைவிட்டுப் போனால் தவிர. இணைப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ட்யூபில் கிளாம்ப். அறைக்குள் மூன்று பேர், வெளியே ஒருவர். ஆரோக்கியமான ஆளுக்கு நன்றாக ஆக்சிஜன் கொடுத்துவிட்டு மூச்சை நிறுத்தினால் ஏழெட்டு நிமிஷம் தாங்குவார். கோவிட் நுரையீரல் ஒரு நிமிஷம்கூடத் தராது.

கைவேலை இவ்வளவுதான். இரண்டு வாரத்தில் சுமாராக எல்லோருக்கும் வந்துவிட்டது. வராதது வேறு. அது தற்செயலாகத்தான் வெளியே வந்தது.

ஒரு நாள், சீனியர் தடுமாறுகிற மாதிரி நடித்துக் காட்டலாம் என்று நானே லேரிங்கோஸ்கோப்பைப் பிடித்தேன். மானிட்டருக்குப் பதிலாக ஒரு பி.ஜி. காகிதத்தில் எழுதிவைத்த சாச்சுரேஷனை வாசிக்க வேண்டும். தொண்ணூற்றைந்து. தொண்ணூறு. நான் பொம்மையின் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எண்பத்து நாலு. "கொஞ்சம் பொறு, தெரியுது" என்றேன். எழுபத்தாறு என்றபோது அந்தப் பெண்ணின் குரல் பாதியாகிவிட்டது. அறுபதை அவள் உதட்டுக்குள் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நடிப்பு என்று எல்லோருக்கும் தெரியும், படுத்திருப்பது பொம்மை என்றும் தெரியும். ஆனாலும் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஐ.சி.யூ. சிஸ்டர் ஒருவர், ஓய்வுக்கு இரண்டு மூன்று வருஷமே பாக்கி உள்ளவர், பொறுக்க மாட்டாமல் உள்ளே வந்தார். "மேடம், வெளிய எடுங்க. பேஷண்ட் போயிருவாரு" என்று சொல்லி ஆம்புவை என் கையில் திணித்தார்.

பிள்ளைகளிடம் கேட்டேன், ஏன் யாரும் சொல்லவில்லை என்று. வெகு நேரம் கழித்து ஒருத்தி சொன்னாள்: "நீங்க பாத்துக்குவீங்கன்னு நெனச்சோம் மேம்." இன்னொருவன் உண்மையைச் சொன்னான்: "சீனியர்கிட்ட எப்படி மேம் எடுங்கன்னு சொல்றது?"

நம் கல்லூரிகளில் பிள்ளைகள் ஐந்தரை வருஷமும் பழகுவது இதைத்தான். ரவுண்ட்ஸில் பேராசிரியர் தப்பாகச் சொன்னாலும் தலையாட்டு. கேட்டால் ஒழியப் பேசாதே. கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் நில். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், அப்படித்தான் நின்றேன். தியேட்டரில் சாதாரண நாளில் அந்தப் பழக்கம் யாரையும் கொல்லாமல் போகலாம். ட்யூப் போடுகிறவரின் கண் முழுக்கத் தொண்டைக்குள் இருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் கொன்றுவிடும். போடுகிறவருக்கு நேரம் ஓடுவது தெரியாது. இன்னும் ஒரு நொடி, இன்னும் ஒரு நொடி என்றே தோன்றும். பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறந்தால்தான் அவருக்கு உலகம் திரும்பி வரும்.

மறுநாளிலிருந்து பயிற்சியை மாற்றினோம். நம்பர் சொல்வதற்கென்றே ஒருவர். அவருக்கு வேறு வேலை கிடையாது. ஆரம்பிக்கும் முன்பே, "இந்த நம்பருக்கு வந்தா நிறுத்தணும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவைத்துக்கொள்ள வேண்டும். சில நோயாளிகள் ஆரம்பிப்பதே எண்பதில்தான் என்பதால் எல்லோருக்கும் ஒரே எல்லை சரிவராது. அந்த நம்பர் வந்ததும் "எடுங்க" என்ற ஒரு சொல். சார், மேம் எதுவும் சேர்க்க வேண்டாம். சொல்கிறவர் ஹவுஸ் சர்ஜனாக இருந்தாலும் பிடித்திருப்பவர் துறைத் தலைவராக இருந்தாலும் எடுத்தே ஆக வேண்டும். ஜூனியருக்கு ஒரு முயற்சி. தவறினால் தலையணையையோ பிளேடையோ மாற்றிவிட்டு, பூஜியோடு இன்னொன்று. அதுவும் தவறினால், குரல்வளைக்கு மேலேயே உட்காரும் ஐ-ஜெல் குழாயைப் போட்டு ஆக்சிஜனைக் காப்பாற்றிக்கொண்டு சீனியருக்குக் காத்திரு. ரெயின்கோட்டுக்குள் நின்று பிள்ளைகள் என்னைப் பார்த்து "எடுங்க" என்று கத்தினார்கள். முதல் சில நாள் சொல்லிவிட்டுச் சிரித்துவிடுவார்கள். சிரிப்பு நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்தோம். அந்த சிஸ்டரையும் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டேன். ஒரு மருத்துவர் முகம் சுளித்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

கடைசிப் பாடம் ஆட்டுத் தொண்டை. எதுவும் உள்ளே போகவில்லை, மாஸ்க்கிலும் காற்று ஏறவில்லை என்றால் கழுத்தின் முன்பக்கம் கத்தி வைப்பதைத் தவிர வழியில்லை. குரல்வளைக் குருத்தெலும்புக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளம். அங்கே பத்தாம் நம்பர் பிளேடால் குறுக்கே ஒரு வெட்டு, பிளேடைத் திருப்பி, அதன் ஓரமாகவே பூஜி, அதன் மேலே ஆறாம் நம்பர் ட்யூப். மனிதரிடம் பழக முடியாது, அந்த வாய்ப்பு வராமலே பணி ஓய்வு பெற்றவர்கள் உண்டு. மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில் இருந்த கறிக்கடை பாயிடம் கேட்டபோது, "நாய்க்குப் போடுறதும்மா, காசு எதுக்கு" என்று பை நிறையத் தொண்டைகளைக் கட்டிக் கொடுத்தார். எதற்கு என்று சொன்னதும் அடுத்த வாரத்திலிருந்து கழுவி, கொழுப்பு எடுத்து, குரல்வளை சிதையாமல் வெட்டி அனுப்பினார். தோலுக்குப் பதிலாக மேலே டேப் ஒட்டினோம். முட்டைகூடத் தொடாத வீட்டுப் பையன் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே விரலால் அந்தப் பள்ளத்தைத் தேடி, முதல் வெட்டிலேயே சரியாக உள்ளே போனான். கண்ணை விட விரலை நம்ப வேண்டிய வேலை அது. நிஜமாகவே வெட்டும்போது ரத்தத்தில் எதுவும் தெரியாது.

வகுப்பின் இடைவேளைகளில் கோபன்ஹேகன் கதையைச் சொல்வேன். 1952-இல் அங்கே போலியோ. இரும்பு நுரையீரல் இயந்திரங்கள் போதவில்லை. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் பெரும்பாலும் இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருத்துவர், 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். அதன் பிறகு சுமார் 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறை வைத்து உட்கார்ந்து ராப்பகலாகப் பையை அமுக்கினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்று உலகில் உள்ள ஐ.சி.யூ.க்களின் தொடக்கம் அந்த வார்டு. நம் கையில் இருக்கும் ஆம்புவும் நாலு வருஷம் கழித்து அதே டென்மார்க்கில் பிறந்ததுதான். 'அங்கேயும் வேலை பார்த்தது மாணவர்கள்தான்' என்பதைப் பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் மறுபடி கேட்டுக்கொள்வார்கள்.

2021 மே வந்தது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேல் தொற்று பதிவானது அந்த மாதம்தான். ஏப்ரலில் நடக்க வேண்டிய நீட் பி.ஜி. தேர்வைத் தள்ளிவைத்துவிட்டதால் புதிய முதலாம் ஆண்டு பி.ஜி.க்கள் வரவில்லை. ஹவுஸ் சர்ஜன்களைக் கோவிட் பணியில் அமர்த்தலாம் என்று மத்திய அரசும் அறிவித்துவிட்டது. முந்தைய வருஷச் சுற்றறிக்கை யாரை ட்யூப் போட வேண்டாம் என்றதோ, அவர்களை வைத்துத்தான் ராத்திரிகள் ஓடின.

ஒரு ராத்திரி, நான் வேறு வார்டிலிருந்து ஓடி வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. நோயாளி லாரி ஓட்டுநர். குட்டையான தடித்த கழுத்து, தாடி. மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்று தரும் பைபாப்பிலும் சாச்சுரேஷன் எழுபத்தெட்டுக்கு மேல் ஏறவில்லை. தலைமாட்டில், அன்று நம்பரை உதட்டுக்குள் சொன்ன அதே பி.ஜி. பெண். மருந்து கொடுக்கும் முன்னால் அவள் செல்போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். மயக்கம் கொடுத்தபின் திரும்பப் பேச முடியுமா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே ட்யூபுக்கு முன்னால் வீட்டோடு ஒரு வீடியோ கால் என்பதையும் பயிற்சியில் சேர்த்திருந்தோம். "அண்ணே, வீட்ல பேசிருங்க. தூங்க வச்சுட்டு மிஷின்ல மூச்சு குடுக்கப் போறோம்" என்றாள். அவர் மாஸ்க்குக்குள் இருந்தபடி டியூ கட்ட வேண்டிய தேதியைச் சொன்னார். மறுமுனையில் மனைவி "நீங்க வாங்க, பாத்துக்கலாம்" என்றார். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை.

முதல் முயற்சியில் எபிகிளாட்டிஸின் நுனி மட்டும்தான் தெரிந்தது. மானிட்டர் பக்கம் நின்ற ஹவுஸ் சர்ஜன், மூன்று மாதம் முன்புதான் சேர்ந்தவன், "அறுபத்தஞ்சு. எடுங்க" என்றான். கவச உடையையும் மீறித் தெளிவாகக் கேட்டது. அவள் எடுத்தாள். மாஸ்க்கை இரண்டு கையால் பிடித்தார்கள். தலைப்பக்கம் உயர்ந்தது. சிஸ்டர் கேட்காமலே பூஜியை நீட்டினார். இரண்டாவது தடவை பூஜியின் நுனி மூச்சுக்குழாய் வளையங்களில் தட்டித் தட்டிப் போவதைக் கையில் உணர்ந்து, "உள்ளதான் இருக்கு" என்றாள். ட்யூப், கஃப், கிளாம்ப், இணைப்பு. திரையில் அலை எழுந்தது. நான் நோயாளியின் கால்மாட்டில் நின்றதோடு சரி.

அந்த ஓட்டுநர் பிழைக்கவில்லை. அடுத்த வாரம் இறந்துபோனார். அந்த மே மாதம் வெண்டிலேட்டருக்குப் போனவர்களில் எங்கள் வார்டிலிருந்து நடந்து போனவர்கள் குறைவு. பிள்ளைகள் இதற்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்டார்கள். பிழைக்க வைப்பது நுரையீரலின் கையில் இருந்தது. ட்யூப் போடும்போது சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் கையில் இருந்தது என்று சொன்னேன். அந்தப் பதில் அவர்களுக்குப் போதவில்லை என்பது தெரியும். எனக்கும் போதவில்லை.

அதற்குப் பிறகு தியேட்டர்கள் திறந்தன, தேர்வுகள் நடந்தன, கண் தியேட்டரில் மறுபடி கண் ஆபரேஷன் தொடங்கியது. பொம்மை அலமாரிக்குள் போனது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் திறன் பயிற்சிக்கூடம் இருக்க வேண்டும் என்றன தேசிய மருத்துவ ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள். நான் பார்த்த கூடங்கள் பலவற்றில் பொம்மைகள் புத்தம் புதிதாக, ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் வெளிச்சம் பார்க்கின்றன. சாவி யாராவது ஓர் ஊழியரின் மேசையில் இருக்கும். அவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்.

கல்லூரி முதல்வர்களும் துறைத் தலைவர்களும் இதைப் படித்தால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு பொம்மையை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்து அறையில் போடுங்கள். சாவியை டூட்டி சிஸ்டரிடம் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஹவுஸ் சர்ஜன்களோடு செவிலியர்களையும் சேர்த்து உட்காரவையுங்கள். லேரிங்கோஸ்கோப்பை நீங்களே பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகளில் ஆகக் குறைந்த அனுபவம் உள்ளவரை உங்களைப் பார்த்து "எடுங்க" என்று சொல்லச் சொல்லுங்கள். சொன்னதும் எடுத்துவிடுங்கள்.